ஏழரை சென்டிமீட்டர்

பாண்டிச்செல்வி வாங்கிய கார் தரையை விட்டுப் பிரிய மனமில்லாத கார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிப் பையன் ஆசை ஆசையாக வாங்கி, ஸ்பிரிங்கை வெட்டி, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பெண்ணின் அப்பா அதில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை வெளியே எடுக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மறுவாரமே கார் விற்பனைக்கு வந்துவிட்டது.

புதியம்புத்தூரில் ஆறு தையல் மிஷின் போட்டு நைட்டியும் பள்ளிச் சீருடையும் தைத்து அனுப்பிக்கொண்டிருந்த பாண்டிச்செல்விக்குச் சரக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டியிருந்தது. நாற்பத்தோரு வயதில் லைசென்ஸ் எடுத்திருந்தாள். வீட்டு வாசலில் வந்து நின்ற காரை அவள் கணவன் இசக்கிதுரை ஒருமுறை சுற்றிவந்து, குனிந்து, கடைசியில் முழங்காலிட்டுப் பார்த்தான்.

"இது கார் இல்லட்டி. சக்கரம் வச்ச பாயி" என்றான்.

தெருவில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையும் அந்தக் காரின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டது. பாண்டிச்செல்வி கவலைப்படவில்லை. டிக்கியில் பன்னிரண்டு டஜன் நைட்டி அடங்கியது. ஏசி வேலை செய்தது. யாரிடமும் கெஞ்சாமல் நினைத்த நேரத்துக்குப் போய்வர முடிந்தது. அதற்குமேல் ஒரு கார் என்ன செய்ய வேண்டும்?

அந்த மாசி மாத வெள்ளிக்கிழமை காரில் நாற்பத்திரண்டு மயில்கள் இருந்தன. இடைசெவல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆண்டு விழா. முதல் நிகழ்ச்சி மயில் நடனம். நீலச் சட்டை, கம்பி வைத்துத் தைத்த தோகை, கொண்டையோடு ஒரு தொப்பி என்று நாற்பத்திரண்டு செட். கோவில்பட்டியில் தோகைக்கு ஒட்டும் ஜிகினாவை வாங்கிக்கொண்டு அவள் பைபாஸில் ஏறியபோது மணி பதினொன்றரை. ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே பின்னால் டப்பென்று ஒரு சத்தம். காரின் இடதுபக்கம் சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தது.

சாலையை விட்டு இறக்கி நிறுத்தினாள். கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஸ்டெப்னி மாற்றுவது அவளுக்குத் தெரியும். டிரைவிங் பழகிய இடத்தில் மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது இவள் இரண்டு முறை கழற்றி மாட்டிப் பழகியவள். மயில்களை எடுத்துப் பின்சீட்டில் சாய்த்து வைத்தாள். ஸ்டெப்னியை உருட்டி இறக்கினாள். ஜாக்கியை எடுத்துக் காருக்கு அடியில் தள்ளினாள்.

ஜாக்கி உள்ளே போகவில்லை.

படுக்கையாக வைத்துத் தள்ளினாள். கம்பியைத் திருகி முடிந்தமட்டும் சுருக்கித் தள்ளினாள். பிறகு மண்ணில் கன்னம் படப் படுத்துப் பார்த்தாள். காருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம். அதுவும் கொஞ்ச நாளாகப் பட்டினி கிடந்த பூனையாக இருக்க வேண்டும். ஜாக்கி, காரின் பழைய உயரத்துக்குச் செய்தது. காரை இறக்கியவன் ஜாக்கியை இறக்க மறந்துவிட்டான்.

பக்கத்து டீக்கடைக்காரர் அபுதாஹிர் ஒரு ஜாக்கியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதோ ஒரு லாரிக்காரர் விட்டுப்போனதாம். காருக்குப் பக்கத்தில் வைத்தார். அது கதவின் அடி விளிம்பைத் தாண்டி ஒரு சாண் மேலே நின்றது.

"இதை வச்சுக் காரைத் தூக்கணும்னா மொதல்ல காரைத் தூக்கணும் தங்கச்சி" என்றார் அபுதாஹிர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு.

"வேற எங்கயாவது சின்ன ஜாக்கி கிடைக்குமா பாய்?"

அவர் காருக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே புது பெயின்ட் மணக்க ஒரு கட்டடம் நின்றது. வாகன உயர்த்தல் உதவி மையம் என்று பலகை. அதற்குக் கீழே, "உங்களை உயர்த்துவதே எங்கள் உயிர்மூச்சு" என்று ஒரு வாசகம்.

"ஏ யம்மா! வாசல்லயே வந்து பஞ்சராயிருக்கு பாருங்க, என் நேரத்தை" என்றாள் பாண்டிச்செல்வி, முகம் மலர்ந்து. "இங்கன சின்ன ஜாக்கி இருக்குமா?"

"இருக்கு. ஏழு ஜாக்கி இருக்கு. பதினாலு மாசமா டீ கொண்டு போறேன், தெனமும் கண்ணால பாக்குதேன்" என்றார் அபுதாஹிர். அவர் குரலில் ஏதோ குறைந்தது. பாண்டிச்செல்வி அதைக் கவனிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

உள்ளே மின்விசிறிக்குக் கீழே சுந்தரேஸ்வரி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். நல்ல மாதிரியான பெண். தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஆறு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தாள்.

முதல் பக்கம் சுலபமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில், "உயர்த்தக் கோரும் காரணம்" என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. வெள்ளம், நிலநடுக்கம், கூட்ட நெரிசல்.

"பஞ்சருக்குக் கட்டமே இல்லியே தாயி."

"பஞ்சர்னா காத்து போறது. காத்து சம்பந்தமானது எல்லாம் புயல்ல வரும். அது இன்னும் அச்சாகி வரல. நீங்க இப்போதைக்கு வெள்ளத்துல டிக் போடுங்க, பின்னால மாத்திக்கிடலாம்."

கோவில்பட்டி பைபாஸில் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. பாண்டிச்செல்வி வெள்ளத்தில் டிக் போட்டாள்.

ஐந்தாம் பக்கத்தில் வாகனத்தின் அடிப்பகுதிப் புகைப்படம் ஒட்ட வேண்டும். அவள் வெளியே போய் மறுபடியும் மண்ணில் படுத்து, கையை உள்ளே விட்டுப் போனில் நாலைந்து படம் எடுத்துவந்தாள். சுந்தரேஸ்வரி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. ஒன்றில் மட்டும் பாண்டிச்செல்வியின் கட்டைவிரல் விழுந்திருந்தது.

"அடிப்பக்கம் தெளிவா இல்லியேக்கா."

"இடமே இல்ல. எப்படித் தெளிவா வரும்?"

"அப்ப காரைக் கொஞ்சம் தூக்கி வச்சுட்டு எடுங்க."

"தூக்கத்தான ஜாக்கி கேட்டு வந்திருக்கேன்!"

"ஜாக்கி குடுக்கணும்னா போட்டோ வேணும்லாக்கா?" என்றாள் சுந்தரேஸ்வரி, மிகுந்த பரிவோடு. "இதுல நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க வேணா சாரைப் பாருங்களேன். அவிய தங்கமான மனுசர்."

தங்கமான மனிதரின் பெயர் மணிகண்டபிரபு. மைய மேலாளர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் ஏழு ஜாக்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே வெல்வெட் துணி. ஏழாவது ஜாக்கி தட்டையாக, நீளமாக, சின்னச் சக்கரங்களோடு முதலைக்குட்டி மாதிரி படுத்திருந்தது. "தாழ்நிலை வாகனங்களுக்கானது" என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். பாண்டிச்செல்விக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"அதேதான் சார்! அதைத்தான் காலைல இருந்து தேடுதேன். பத்து நிமிசம் குடுங்க போதும். இங்கன வாசல்லதான் கார் நிக்கி."

மணிகண்டபிரபு பெருமையோடு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஒரு விசயத்தைப் புரிஞ்சுக்கிடணும். மத்த இடங்கள்ல ஜாக்கி இருக்கும், பராமரிப்பு இருக்காது. இங்க பாருங்க. பதினாலு மாசம். ஏழு ஜாக்கி. எதுலயாவது ஒரு கீறல் உண்டா? ஒரு பொட்டு துரு உண்டா? போன மாசம் வட்டார அலுவலகத்துல இருந்து வந்து பாத்துட்டுச் சிறந்த பராமரிப்புக்கான கேடயம் குடுத்தாங்க. இது எப்படி முடிஞ்சது? ஒழுக்கம்! ஒரு ஜாக்கியைக்கூட இதுவரைக்கும் நாங்க வெளிய விட்டதில்ல."

பாண்டிச்செல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"யாரும் கேட்டு வரலியா சார்?"

"வராம? நூத்தி முப்பத்திரண்டு பேர் வந்தாங்க. அத்தனை பேரும் படிவம் நிரப்பிக்கிட்டிருக்கும்போதே வேற எங்கயோ ஜாக்கி வாங்கி, வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. மக்கள் தங்களோட பிரச்சினையைத் தாங்களே தீர்த்துக்கிடணும், அதுதான் எங்க நோக்கம். நூத்தி முப்பத்திரண்டையும் 'தீர்வு காணப்பட்டது'ன்னு பதிவு பண்ணியிருக்கோம். ஒரு மனு நிலுவையில இல்ல."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் பாண்டிச்செல்விக்குக் கலக்கமாக இருந்தது.

"சார், சாயங்காலம் புள்ளைகளுக்கு விழா. நாப்பத்திரண்டு மயிலு கார்ல கெடக்கு."

மணிகண்டபிரபு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மயிலா? வனத்துறை அனுமதி இருக்கா?"

துணி மயில் என்று விளக்கிச் சொல்லக் கால்மணி நேரம் ஆனது. அதற்குச் சுந்தரேஸ்வரி வெளியே வந்து ஒரு தோகையை நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தோகை ரொம்ப அழகாக இருப்பதாகவும், தன் மகளுக்கும் ஒன்று வேண்டும் என்றும் அவள் பாண்டிச்செல்வியிடம் தனியாகச் சொன்னாள்.

அதன்பிறகு தொழில்நுட்ப உதவியாளர் சுடலைராஜை அளவெடுக்க அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். இந்த வேலைக்கு வருமுன் இருபது வருடம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். பதினான்கு மாதமாகக் கையில் கிரீஸ் படாததால் நகங்களெல்லாம் பாங்கு அதிகாரியின் நகங்கள்போல் சுத்தமாகிவிட்டிருந்தன. அவர் காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவின் அடியில் ஆசையாக ஒருமுறை கையை ஓட்டினார். பிறகு டேப்பை நீட்டி அளந்தார்.

உள்ளே போய், "சார், ஏழரை" என்றார்.

மணிகண்டபிரபுவின் கை தானாக நெற்றித் திருநீற்றுக்குப் போனது.

"எட்டுன்னு போட முடியாதா சுடலைராஜ்?"

"அளந்தா ஏழரைதான் சார் வருது. ஏழரை சென்டிமீட்டர்."

"போன மாசம்தான் எனக்கே முடிஞ்சது" என்று முணுமுணுத்தபடி அவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். புரட்டப் புரட்ட முகத்தில் கடமையின் ஒளி பரவியது. வாகனத்தின் தரை இடைவெளியை நான்கு சக்கரங்களிலும் முழுக் காற்று இருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும் என்று விதி சொன்னது. ஆகவே இந்த அளவு செல்லாது. முதலில் பஞ்சர் ஒட்டிக் காற்று அடித்து, பிறகு அளக்க வேண்டும்.

"பஞ்சர் ஒட்டியாச்சுன்னா நான் எதுக்கு சார் உங்கள்ட்ட வாரேன்?" என்றாள் பாண்டிச்செல்வி.

"பாத்தீங்களா? அப்ப பிரச்சினை தீர்ந்திரும்" என்றார் மணிகண்டபிரபு, கனிவாக.

அடுத்த பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. உயரம் மாற்றப்பட்ட வாகனத்துக்கு உதவி கிடையாது. பழைய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே உதவலாம். பழைய உயரத்துக்குக் கொண்டுவரப் புது ஸ்பிரிங் போட வேண்டும். ஸ்பிரிங் போடக் காரைத் தூக்க வேண்டும். இந்த இடத்தில் சுடலைராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் விரலை உயர்த்தியதும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மணிகண்டபிரபு கெட்ட மனிதர் இல்லை. பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கம்மா, மேலிடத்துல பேசுதேன்" என்று வட்டார அலுவலகத்தை வீடியோவில் அழைத்தார். திரையில் நாலு பேர் வந்தார்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அபுதாஹிர் இரண்டு தடவை டீ கொண்டுவந்தார். கார் தாழ்ந்திருக்கிறதா, சாலை உயர்ந்திருக்கிறதா என்ற கேள்வியை ஒருவர் எழுப்பினார். பைபாஸில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போடுவதால் சாலை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் கார் குற்றமற்றது என்று ஒருமனதாக முடிவானது. ஏழாம் எண் ஜாக்கியை வெளியே எடுக்கலாம் என்று வாய்மொழி அனுமதியும் வந்தது.

மையமே எழுந்து நின்றது. சுந்தரேஸ்வரி அலமாரிச் சாவியைத் தேடினாள். சாவி கிடைத்தது. சுடலைராஜ் இரண்டு கைகளிலும் ஜாக்கியை ஏந்தி வெளியே வந்தார். மணிகண்டபிரபு முன்னால் நடந்தார். பாண்டிச்செல்வி ஓட்டமும் நடையுமாகக் காரிடம் போய், வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

வாசல் சிமென்ட் தளத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. ஜாக்கி அந்தக் கோடுவரை வந்து நின்றுவிட்டது.

"வாங்க சார்" என்றாள் பாண்டிச்செல்வி.

"இதுக்குமேல வரமுடியாதும்மா. சேவை எல்லை இது. ஜாக்கி கோட்டைத் தாண்டக் கூடாது. உங்க காரை உள்ள கொண்டாங்க" என்றார் மேலாளர்.

கார் கோட்டுக்கு வெளியே இரண்டு கை தூரத்தில் நின்றது. சரி, இரண்டு கைதானே என்று எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். மேலாளரே கோட்டுக்குள் நின்றபடி உற்சாகமாக, "தள்ளு, தள்ளு" என்றார். கார் பின்னால் உருண்டுபோய்ச் சிமென்ட் தளத்தில் முட்டி நின்றது. தளம் தரையைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரம். கார் ஏழரை.

எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் கார் ஏறாது என்று சுடலைராஜ் சொன்னார். ஏற வேண்டுமென்றால் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

ஜாக்கி கோட்டுக்கு உள்ளே. கார் கோட்டுக்கு வெளியே. எட்டித் தொட்டுவிடலாம்போல இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. மணிகண்டபிரபு இரண்டு பக்கமும் பார்த்தார். "தளத்தை இடிச்சுச் சரிவாக்க இன்னைக்கே கருத்துரு அனுப்புதேன்" என்று உறுதி சொன்னார். பிறகு ஜாக்கி திரும்பவும் வெல்வெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மணி மூன்றேகால். பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வெயிலம்மாள்.

"எங்கம்மா இருக்கீங்க? புள்ளைக மூஞ்சில நீலம் பூசியாச்சு. நாப்பத்திரண்டும் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு வாசல்லயே நிக்கி."

"இந்தா வந்துக்கிட்டே இருக்கேன் டீச்சர்" என்று போனை வைத்த பாண்டிச்செல்வி, காரில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும்போல இருந்தது. காலையில் புறப்படும்போது இசக்கிதுரை, "வாடகை வேன்ல அனுப்பிருட்டி, இந்தப் பாயை நம்பாத" என்று சொன்னான். அது இப்போது காதுக்குள் கேட்டது. அதைவிட, அஃப்ஷான் என்ற ஒரு பிள்ளையின் முகம் கண்முன் நின்றது. நாலாம் வகுப்பு. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். அளவெடுக்கப் போன அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்று, "எனக்கு மயிலு பத்தாதுலா அத்தை? போன வருசம் முயலும் பத்தல" என்று மெதுவாகக் கேட்டது. போன வருடம் யாரோ தைத்த முயல் உடுப்பு பிள்ளைக்கு ஏறாமல், அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்களாம். "நான் தைக்கிற மயிலு பத்தும்" என்று பாண்டிச்செல்வி வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு சட்டைக்கு மட்டும் இரண்டு பக்கமும் துணி விட்டு, தானே உட்கார்ந்து தைத்தாள். உடுப்பு ஏறவில்லை என்றால் பிள்ளையை என்ன செய்ய முடியும்? துணியைத்தான் பிரித்துவிட வேண்டும்.

அவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். காரைப் பார்த்தாள். பிறகு காருக்குக் கீழே வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து நூறுநாள் வேலை முடிந்து ஏழெட்டுப் பெண்கள் சாலையோரமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் முத்துமாரியம்மாள். அறுபது வயது. தோளில் மண்வெட்டி.

"என்னட்டி மண்ணுல உக்காந்திருக்க? காரு மக்கர் பண்ணுதோ?"

"அத்தை, இங்கன நாலு விரக்கடை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டணும். காரு மேல வரமாட்டேங்கு. தரையைக் கீழ இறக்கிருவோம்."

முத்துமாரியம்மாள் குனிந்து ஜாக்கியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், சிரித்தாள். "இதுக்கா உக்காந்து கண்ணைக் கசக்குத? தள்ளு அங்கிட்டு."

முதல் வெட்டு விழுந்ததும் மணிகண்டபிரபு கோடுவரை ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! தோண்டக் கூடாது! இது யாரு மண்ணு தெரியுமா?"

முத்துமாரியம்மாள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "யாரு மண்ணுய்யா?"

கோட்டுக்கு உள்ளே மையத்தின் இடம். தார்ச்சாலை வேறு துறை. நடுவில் கிடக்கும் இந்த மண் யாருடையது என்று பதினான்கு மாதத்தில் யாரும் கேட்டதில்லை.

"பாத்துட்டு வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் யாரும் தோண்டாதீங்க."

"நல்லாப் பாத்துட்டு வாங்கய்யா. அவசரமில்ல" என்றாள் முத்துமாரியம்மாள். அவர் உள்ளே போனதும் மண்வெட்டியை ஓங்கினாள்.

காய்ந்த கரிசல் கல்போல இருந்தது. ஒருத்தி கடப்பாரையால் பாளத்தைப் பெயர்த்தாள், இன்னொருத்தி கையால் அள்ளிப் போட்டாள். அபுதாஹிர் கடையில் சோடாப் பெட்டிக்கு அடியில் கிடந்த கல்பலகையைக் கொண்டுவந்தார். மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அது குழிக்குள் போனது. அதன்மேல் காரோடு வந்த ஜாக்கி. இந்த முறை எந்தச் சிரமமும் இல்லாமல் காருக்கு அடியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

உள்ளே சுடலைராஜ் வெளியே செல்வோர் பதிவேட்டில், "டீ குடிக்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் கோட்டைத் தாண்டினார். டீக்கடையைப் பார்த்து நாலு எட்டு நடந்தவர், திடீரென்று திரும்பிக் காரை நோக்கி வந்தார்.

"அக்கா, ஸ்பேனரை இங்க குடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா? முன் சக்கரத்துக்குக் கல்லு வையுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே அண்ணாச்சி?"

"நான் டீ குடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் சுடலைராஜ், முதல் நட்டைத் தளர்த்திக்கொண்டே.

கார் எழுந்தது. முதலில் ஒரு விரல், பிறகு நாலு விரல். பெண்கள் குலவை போட்டார்கள். ஸ்டெப்னி ஏறியது. கடைசி நட்டை முறுக்கி முடித்ததும் சுடலைராஜ் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரீஸும் கரிசலும் கலந்து அப்பியிருந்தது. துடைக்கப் பாண்டிச்செல்வி ஒரு வெட்டுத் துணியை நீட்டினாள். "இருக்கட்டுங்க்கா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையோடு டீக்கடைக்குப் போனார்.

நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கார் நின்றபோது நாற்பத்திரண்டு நீல முகங்கள் ஓவென்று கத்தின. அஃப்ஷான் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டி, கையைத் தூக்கிப் பார்த்து, குனிந்து பார்த்து, சுற்றிப் பார்த்தாள். எங்கும் பிடிக்கவில்லை. மேடையில் எல்லா மயில்களும் தோகையை மடக்கிய பிறகும் அவள் மட்டும் விரித்தபடியே ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. கீழே முதல் வரிசையில், புடவையெல்லாம் கரிசல் அப்பிய பாண்டிச்செல்வி உட்கார்ந்து கைதட்டினாள்.

மையத்தின் பதிவேட்டில் அது நூற்று முப்பத்து மூன்றாவது தீர்வாக ஏறியது.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. வாகன உயர்த்தல் உதவி மையத்தின் புதிய வசதி, "தாழ்நிலை வாகன உயர்த்தல் குழி", திறப்பு விழா. முதல் பயனாளி என்ற முறையில் அவள் ரிப்பன் வெட்ட வேண்டும். முத்துமாரியம்மாளுக்கும் மற்றப் பெண்களுக்கும் பார்வையாளர் பகுதியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஷாமியானா, மைக், சால்வை எல்லாம் இருந்தது. பாண்டிச்செல்வி தன் தையல் கத்தரியாலேயே ரிப்பனை வெட்டினாள். திரை விலகியது. நாலடிக்கு நாலடி சதுரமாக, வழவழவென்று வெள்ளை டைல்ஸ் பதித்த ஓர் இடம். சுற்றிலும் சங்கிலி. ஓரத்தில் கல்வெட்டு. அதில் மணிகண்டபிரபுவின் பெயர்.

முத்துமாரியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஏட்டி, குழி எங்க?" என்று பாண்டிச்செல்வியின் காதில் கேட்டாள். கேட்டது பக்கத்திலிருந்த மைக்கில் விழுந்துவிட்டது.

மணிகண்டபிரபு முகம் மலர்ந்து மைக்கைப் பிடித்தார்.

"அருமையான கேள்வி! அந்த அம்மா கேட்டது ரொம்பச் சரி. குழின்னா ஆபத்து. யாராவது விழுந்துட்டா? வட்டாரப் பாதுகாப்புப் பிரிவு வந்து பாத்துட்டு மூணு குறை சொன்னாங்க. ஆழம் இருக்கு, பள்ளம் இருக்கு, மண்ணு இருக்கு. ராத்திரி பகலா உழைச்சு மூணையும் சரி பண்ணிட்டோம். முழுக்க சிமென்டால நெரப்பி, தரையோட சமமாக்கி, மேல டைல்ஸ் பதிச்சிருக்கோம். இன்னைக்கு இந்தக் குழியில ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போனாக்கூட ஒரு கீறல் விழாது. இதைப் பயன்படுத்த விரும்புறவங்க படிவத்தைச் சுந்தரேஸ்வரி மேடத்திட்ட வாங்கிக்கிடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பாண்டிச்செல்வியும் தட்டினாள். முத்துமாரியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, சங்கிலியைத் தாண்டி, டைல்ஸின் நடுவில் போய் நின்றாள். ஒரு காலால் இரண்டு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்ல குழிதாம்ட்டி" என்றாள். "எறங்கத்தான் முடியல."